சின்ன வாசல், ஒரே ஒரு மரம்... ஈழத்தலரி வைக்கலாமா? புதுச்சேரி வீடுகளுக்கான வளர்ப்பு கைடு!

புதுச்சேரிக்கு வந்து வெள்ளை நகரத் தெருக்களில் ஒரு ரீல்ஸ்கூட எடுக்காமல் திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு. மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், பழைய மரக்கதவு, மேலே இருந்து கொட்டும் காகிதப்பூ. இந்த ஃப்ரேமில் பல நேரம் கவனிக்கப்படாமல் போகிற இன்னொரு ஆள் உண்டு. சுவருக்குப் பின்னால் குட்டையாக, மான் கொம்பு மாதிரி கிளைவிட்டு நிற்கும். நடைபாதையில் ஐந்து இதழ் பூக்களைக் காலையிலேயே உதிர்த்து வைத்திருக்கும். வெள்ளையில் நடுவே மஞ்சள். எடுத்து மோந்து பார்த்தால் விடவே மனசு வராது.

அந்த மரத்தின் பெயரைக் கேட்டால்தான் குழப்பம். ஈழத்தலரி என்பார்கள், ஈழச்சம்பகம் என்பார்கள். இன்னொரு தெருவில் கள்ளிமந்தாரை. நர்சரியில் போய் இந்தப் பெயர்களைச் சொன்னால் முழிப்பார்கள், அங்கே அது 'ப்ளுமேரியா' அல்லது 'சம்பா'. சென்ட் பாட்டிலில் 'ஃபிராங்கிபானி'. எல்லாமே ஒண்ணுதான்.

"எங்க வீட்டு வாசல்ல பத்துக்குப் பத்து இடம்தான் இருக்கு. ஒரு பூமரம் வைக்கணும், சுவரை உடைக்கக் கூடாது, சம்ப்புக்குள்ள வேர் போகக் கூடாது, தினமும் தண்ணி ஊத்த நேரமில்ல" என்று கேட்பவர்களுக்கு, கடலோர ஊரில் இதைவிடப் பொருத்தமான மரம் கிடைப்பது கஷ்டம். யூனியன் பிரதேசத்தின் மலரான நாகலிங்கப்பூவை ஆசையாக வைத்துவிடலாமா என்று யோசிக்காதீர்கள். 2007-ல் அதை மாநில மலராக அறிவித்தார்கள், பூவும் கொள்ளை அழகுதான். ஆனால் அது பெரிய தோட்டத்துக்கும் கோயிலுக்குமான மரம். பீரங்கிக்குண்டு சைஸில் காய் விழும். கீழே உங்க ஸ்கூட்டர் நிற்கும்.

ஈழத்தலரி தரையில் வைத்தால் பல வருஷத்தில் 15 முதல் 20 அடி வரை போகலாம், அதுவும் மெதுவாக. தொட்டியில் என்றால் ஐந்தாறு அடியிலேயே நிறுத்திவிடலாம். வேர் மேலாகவே பரவும், கட்டடத்தைப் பிளக்கும் ரகம் கிடையாது. உப்புக்காற்றையும் ஓரளவு உவர்ப்பான போர் தண்ணீரையும் சமாளிக்கும். வெயில்? எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இதற்கு ஒரே ஒரு எதிரிதான். அது நம்ம ஊருக்கு ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் வந்து டிசம்பரில்தான் கிளம்பும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் நிறையப் பேசப்போகிறோம்.

பிரெஞ்சு பாதிரியார் பெயரில் மெக்சிகோ மரம்

பெயரில் ஈழம் இருந்தாலும் இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும்தான். 1646-ல் மார்செய் நகரில் பிறந்த சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி, தாவரங்களைத் தேடி மூன்று முறை கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேறினார். மற்றவர்கள் பெயரைச் செடிகளுக்கு வைப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். நாம் தொட்டியில் வைக்கும் பிகோனியா, மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் நினைவாக அவர் வைத்த பெயர். அப்படிப்பட்டவரின் பெயரையே டூர்ன்ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்த மரத்துக்கு வைத்தார். அதுதான் ப்ளுமேரியா. ஃபிராங்கிபானி என்பது இத்தாலியப் பிரபு குடும்பம் ஒன்றின் பெயர். கையுறைகளுக்குப் பூசும் வாசனைத் திரவியம் ஒன்று அந்தக் குடும்பப் பெயரில் ஐரோப்பாவில் பிரபலமாக இருந்தது. பிறகு இந்தப் பூவை மோந்தவர்கள், 'அட, அதே வாசனை' என்றிருக்கிறார்கள். சென்ட்டின் பெயர் பூவுக்கு வந்த கதை இது.

புதுச்சேரிக்கும் தாவரவியலுக்கும் பழைய தொடர்பு உண்டு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் தாவரவியல் பூங்கா 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது. அதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான சாமுவேல் பெரோட்டே 1870-ல் இதே ஊரில்தான் இறந்தார்.

இந்த மரத்தோடு இந்த ஊருக்கு இன்னும் நெருக்கமான உறவு ஒன்றும் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, மிர்ரா அல்ஃபாசா, கிட்டத்தட்ட 900 பூக்களுக்கு ஒவ்வொரு பொருள் சொல்லியிருக்கிறார். நாகலிங்கத்துக்கு 'செழிப்பு'. பவழமல்லிக்கு 'ஆர்வம்'. ஈழத்தலரிக்கு அவர் சொன்ன பொருள் 'உளவியல் முழுமை'. ஐந்து இதழ்களுக்கு ஐந்து குணங்கள். ஆரோவில்லில் மாத்ரிமந்திர் தோட்டங்களுக்கான நர்சரி வேலைகளைத் தொடங்கிய அமெரிக்கர் ரிச்சர்ட் எகன்பெர்கர், அங்கே எல்லோருக்கும் நாரத். அவர் பிறகு அமெரிக்கா திரும்பி, மனைவி மேரி ஹெலனுடன் சேர்ந்து ப்ளுமேரியா வளர்ப்புக்கென்றே ஒரு கையேடு எழுதினார். டெக்சாஸில் தொட்டி வைத்து வளர்ப்பவர்கள் இன்றும் புரட்டுகிற புத்தகம் அது. அதை எழுதியவர் நம்ம பக்கத்துச் செம்மண்ணில் கை அழுக்கானவர் என்பதில் ஒரு சின்ன சந்தோஷம் நமக்கு!

வீட்டில் வைக்கக் கூடாதாமே?

நர்சரியில் செடியைக் கையில் எடுத்தவுடன் கூட வந்த அத்தையோ பாட்டியோ சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். "அது சுடுகாட்டுப் பூ. வீட்டுக்கு ஆகாது."

இந்த மரம் இடுகாடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தர்கா வாசல்களிலும் நிறைய நடப்பட்டது உண்மை. காரணமும் எளிது. யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், உரம் போட மாட்டார்கள், ஆடு மாடும் பாலுக்குப் பயந்து கடிக்காது. அப்படிப்பட்ட இடத்தில் தானாகப் பிழைத்துப் பூக்கிற மரம் எது? வெட்டிப் போட்ட கிளைகூடத் தன்னிடம் இருக்கும் ஈரத்தை வைத்து இலையும் பூவும் விடும். அதனாலேயே இதைச் சாகாத மரம் என்று பல ஊர்களில் கொண்டாடினார்கள். இலங்கையில் சிங்களவர்கள் 'அரலிய' என்று சொல்லி விகாரைகளில் புத்தருக்குப் படைக்கிறார்கள். லாவோஸ் நாட்டின் தேசிய மலர் இதுதான், அவர்கள் விமானத்தின் வாலிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். நிகராகுவாவுக்கும் இதுவே தேசிய மலர். ஹவாயில் விருந்தாளி கழுத்தில் மாலை.

நம்பிக்கை அவரவர் விருப்பம். வீட்டில் பெரியவர்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால், சண்டை போட்டு ஒரு மரத்தை வாசலில் வைக்க வேண்டியதில்லை. மொட்டை மாடித் தொட்டி இருக்கிறது. ஆனால் 'ஆகாது' என்பதற்கு மரத்தின் பக்கம் எந்தக் காரணமும் இல்லை.

உண்மையாகவே கவனிக்க வேண்டிய விஷயம் பால்தான். கிளையை ஒடித்தால் வெள்ளையாக வடிகிற பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும், வாய்க்குள் போனால் வயிற்றைக் கலக்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள், இல்லையென்றால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். நல்ல சட்டையில் பட்டால் கறை போகாது. தவழுகிற குழந்தையும், கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியும் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பெயரில் 'அலரி' இருப்பதால் இதை அரளி என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் நெடுஞ்சாலை நடுவே நீளமான இலையோடு ரோஸ் கலரில் பூக்கும் அரளி இதயத்தையே பாதிக்கும் கடுமையான விஷம். 2024 மே மாதம் கேரளாவில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது அந்த அரளியைத்தான். ஈழத்தலரிக்கு அந்த அளவு வீரியம் கிடையாது. அதற்காக ஹோட்டலில் ஜூஸ் டம்ளரின் ஓரத்தில் செருகிக் கொடுக்கும்போது சும்மா சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிடாதீர்கள். அது அலங்காரம் மட்டும்தான்.

எந்த ரகம் வாங்கலாம்?

நம்ம பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது மூன்று வகை. இலை நுனியைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

நுனி கூராக, இலை நீளமாக இருந்தால் அது ரூப்ரா வகை. வெள்ளை மஞ்சள், ரோஸ், சிவப்பு, ஆரஞ்சு என்று கலர் கலராக வருவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். வாசனையும் இதில்தான் அதிக வெரைட்டி. குளிர்காலத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும்.

நுனி வட்டமாக, இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தால் ஒப்டூசா வகை. கடைகளில் 'சிங்கப்பூர் வெள்ளை' என்பார்கள். கரீபியன் தீவுச் செடிக்கு சிங்கப்பூர் பெயர்! வருஷம் முழுக்க இலை இருக்கும். இதிலேயே குள்ள ரகங்கள் இருக்கின்றன. கணுக்கள் நெருக்கமாக, புதர் மாதிரி அடர்த்தியாக வளரும். பால்கனிக்கு இதுதான் என் சாய்ஸ்.

மூன்றாவது ப்யூடிகா. பாம்பு படமெடுத்த மாதிரி இலை. சுத்த வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக, கிட்டத்தட்ட எல்லா மாதமும். வளர்ப்பதும் ரொம்ப ஈஸி. குறை என்னவென்றால் வாசனை கிடையாது என்றே சொல்லலாம். போட்டோவுக்கு ப்யூடிகா, மூக்குக்கு மற்ற இரண்டும்.

வாசனை என்றதும் ஒரு குட்டித் தகவல். ஈழத்தலரியின் மணம் இரவில்தான் தூக்கலாக இருக்கும். பருந்து அந்துப்பூச்சிகளை வரவழைக்கத்தான் அந்த ஏற்பாடு. வாசனையை நம்பி வரும் பூச்சி நீளமான நாக்கை உள்ளேவிட்டுத் தேடும். உள்ளே ஒரு சொட்டுத் தேன்கூட இருக்காது! ஏமாந்த பூச்சி அடுத்த பூவில் இருக்குமோ என்று பறக்கும், அந்தச் சாக்கில் மகரந்தம் இடம் மாறும். பக்கா ஃப்ராடு. அதனால்தான் இத்தனை பூத்தும் இந்த மரத்தில் காய் அபூர்வம்.

ஃப்ராடு பூவில் மட்டும் இல்லை. ஆன்லைனில் 'நீல ப்ளுமேரியா விதை, 10 எண்ணிக்கை' என்று விளம்பரம் வந்தால் ஸ்க்ரோல் பண்ணிப் போய்க்கொண்டே இருங்கள். நிஜமான நீலத்தில் இந்தப் பூ கிடையாது, படத்தில் இருப்பது எடிட்டிங். விதையில் இன்னொரு பிரச்னையும் உண்டு. தாய் மரத்தின் நிறமும் மணமும் விதைச்செடிக்கு அப்படியே வராது. முதல் பூவைப் பார்க்கவே இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். எனவே ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரிகளிலோ, வேளாண் துறையின் மலர், காய், கனி கண்காட்சியிலோ பூவோடு நிற்கும் செடியை மோந்து பார்த்து வாங்குங்கள். ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேலே உள்ள நல்ல ரகத்தை ஓரங்கட்டிவிடும்.

காசே வேண்டாம், ஒரு கிளை போதும்

இன்னும் நல்ல வழி, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு போத்து கேட்பது. முருங்கை நடுவது போலத்தான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல நேரம். ஒன்று முதல் ஒன்றரை அடி நீளம், கட்டைவிரல் பருமன், பச்சை மாறிச் சாம்பல் நிறமான கிளை வேண்டும். நுனித் தளிர் கிளை சீக்கிரம் அழுகும். இலைகளை நறுக்கிவிடுங்கள். இப்போது நடக் கூடாது! இதுதான் முருங்கையோடு உள்ள வித்தியாசம். வெட்டிய முனையில் பால் வடிந்து, காய்ந்து, தோல் மாதிரி மூடிக்கொள்ளும் வரை நிழலில் போட்டு வையுங்கள். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். கிளை லேசாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. பச்சைக் காயத்தோடு மண்ணில் வைத்தால் பூஞ்சை உள்ளே போய்விடும், அப்புறம் மேலே இலை வந்தாலும் கீழே அழுகிக்கொண்டிருக்கும்.

பிறகு மூன்று நான்கு அங்குலம் ஆழத்தில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டிவிட்டு, ஒரு முறை தண்ணீர் ஊற்றி, மறந்துவிடுங்கள். மேல் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வேர் பிடிக்க ஆறு வாரத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். நடுவில் தளிர் எட்டிப் பார்க்கும், சில நேரம் பூகூட வரும். அது கிளையில் இருந்த சேமிப்பில் வருவது, வேரால் வந்ததல்ல. 'ஆஹா பிடிச்சிடுச்சு' என்று பிடுங்கிப் பார்த்தால் இருக்கிற நுனி வேரும் போய்விடும். உள்ளங்கை அளவு இலை நாலைந்து விரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

உங்க தெரு எந்த மண்?

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மணல். இந்த மரத்துக்கு அது சொர்க்கம், ஒரு சட்டி மட்கிய தொழுவுரம் கலந்தால் போதும். லாஸ்பேட்டை, கோரிமேடு மேட்டுப் பக்கம் செம்மண், அதுவும் ஓகே. வில்லியனூர், பாகூர் பக்கம் வண்டலும் களியுமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். களிமண்ணில் குழி வெட்டி அதில் மட்டும் நல்ல மண் நிரப்பினால் அது கிண்ணம் மாதிரி ஆகிவிடும், மழைத் தண்ணீர் எல்லாம் அதில்தான் வந்து தங்கும். அதற்குப் பதிலாகத் தரைக்கு மேலே ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருந்தால் கிளை விரிய வசதி.

தொட்டி என்றால் முதலில் 12 அங்குலம், இரண்டு வருஷம் கழித்து 16 அல்லது 18. செம்மண் இரண்டு பங்கு, கரடுமுரடான மணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஆற்று மணல் விற்கிற விலைக்கு யாரும் தேடிப் போக வேண்டாம். கழுவிய எம்-சாண்ட், உடைத்த செங்கல் துண்டு எல்லாம் அதே வேலையைச் செய்யும். நர்சரியில் தென்னைநார்க்கழிவில் வைத்துக் கொடுத்திருந்தால் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். அது ஸ்பான்ஜ் மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது, உரம் போடுவதைவிட முக்கியம்.

நவம்பர்தான் பரீட்சை

இந்த மரம் பழகி வந்த ஊர்களில் வெயில் காலத்தில் மழையும் குளிர் காலத்தில் வறட்சியும் இருக்கும். இலை கொட்டி உறங்கும்போது வேருக்கு வேலையே இல்லை, மண்ணும் காய்ந்து கிடக்கும். நம்ம ஊர் நேர் எதிர். வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. சரியாக மரம் தூங்கப் போகிற நேரம். இலை இல்லாத மரத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. வேர் ஊறி ஊறி, தண்டு அடியிலிருந்து அழுகும். 'எட்டு மாசம் சூப்பரா பூத்தது, மழைக்கு அப்புறம் செத்துடுச்சு' என்று புலம்புகிறவர்கள் வீட்டில் நடந்தது இதுதான். நோயோ, கண்ணேறோ இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அவ்வளவு மழையில் எந்தத் தொட்டியும் வடிந்து முடிக்காது. அதனால் மழை வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இவை: அக்டோபர் தொடங்கியதும் உரத்தை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் தண்ணீரையும் நிறுத்துங்கள். தொட்டியின் அடியில் வைத்திருக்கும் தட்டைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு செங்கல் வைத்துத் தொட்டியை உயர்த்துங்கள். சன்ஷேடுக்குக் கீழே இடம் இருந்தால் இலை கொட்டிய செடியை அங்கே தள்ளுங்கள், தூங்கும் செடிக்கு வெயில் அவசியமில்லை.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டதா? தொட்டியை அப்படியே படுக்கப் போட்டுவிடுங்கள். கேட்க சிரிப்பாக இருக்கும். ஆனால் தண்ணீர் உள்ளே நிரம்பாது, காற்றில் விழுந்து கிளை ஒடியாது, மாடியிலிருந்து யார் தலையிலும் விழாது. இரண்டு நாள் படுத்திருப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது.

மழை நின்ற பிறகு தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் சுருங்கி, உள்ளே கெட்டியாக இருந்தால் அது தாகம், பயமில்லை. வழவழவென்று அமுங்கினால் அழுகல். அழுகல் என்றால் தயங்காமல் கத்தியை எடுங்கள். வெட்டிய இடத்தின் நடுவில் பழுப்பு தெரியாமல், முழுக்க வெள்ளையாகத் தெரிந்து பால் வடியும் வரை மேலே மேலே வெட்டிக்கொண்டே போக வேண்டும். மிச்சம் ஒரு அடி கிடைத்தாலும் அது புதுப் போத்து. காய வைத்து நடலாம்.

ஜனவரியில் வரும் அடுத்த பீதி, "மரம் பட்டுப்போச்சு". இலையே இல்லாமல் குச்சி குச்சியாக நிற்பதைப் பார்த்து வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டவர்கள் நிறைய. நகத்தால் தோலை லேசாகக் கீறுங்கள். பச்சை தெரிந்து பால் துளிர்த்தால் உயிரோடுதான் இருக்கிறது, மார்ச் வரை பொறுங்கள்.

பூக்கவே மாட்டேங்குதே!

முதல் சந்தேகம் வெயில் மீது. தினம் ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். பக்கத்தில் மூணு மாடி எழும்பிய வீடுகளில் இது கஷ்டம், அப்போது மாடிதான் வழி. இரண்டாவது உரம். யூரியா, தழைச்சத்து அதிகமானால் இலை யானைக்காது மாதிரி வரும், பூ வராது. மார்ச்சில் புதுத் தளிர் வந்ததும் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எலும்புத்தூள், செப்டம்பர் வரை. போதும். 'பூ கொட்டும் மேஜிக் பவுடர்' எதுவும் தேவையில்லை.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது: கவாத்து. இந்த மரத்தில் பூங்கொத்து கிளையின் நுனியில் மட்டும்தான் வரும். ஒரு நுனி, ஒரு கொத்து. கொத்து முடிந்ததும் அந்த இடத்தில் கிளை இரண்டாக, மூன்றாகப் பிரியும், அடுத்த முறை அத்தனை நுனியிலும் பூ. அதாவது மரத்தில் எத்தனை நுனியோ அவ்வளவு கொத்து. 'குட்டையா இருக்கட்டும்' என்று வருஷா வருஷம் எல்லாக் கிளையையும் மொட்டையடித்தால், பூக்க வேண்டிய நுனிகளைத்தான் வெட்டி எறிகிறீர்கள். ஆனால் வெட்டவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. ஒற்றைக் குச்சியாக மேலே போகும் செடியை இரண்டடி உயரத்தில் பிப்ரவரி கடைசியில் ஒருமுறை வெட்டினால் மூன்று நான்கு கிளை வெடிக்கும், குடை மாதிரி வடிவம் கிடைக்கும். வளர்ந்த செடியில் ஒரு வருஷம் பாதிக் கிளை, அடுத்த வருஷம் மீதி. அப்படிச் செய்தால் எந்த வருஷமும் பூ இல்லாமல் போகாது.

தண்ணீர் விஷயத்தில் கோடையில் தொட்டிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, தரையில் வேர் பிடித்த மரத்துக்கு வாரம் ஒருமுறை நிறைவாக.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் அடிக்கடி வரும். கொத்தின் காம்பில் பஞ்சு ஒட்டினது மாதிரி இருக்கும். ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள். மழைக்காலத்தில் இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி அப்பியிருந்தால் அது துரு நோய். பார்க்கப் பயமாக இருக்கும், மரத்தைக் கொல்லாது. பாதித்த இலைகளைக் கிள்ளி, கீழே விழுந்ததையும் சேர்த்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். எப்படியும் அந்த இலைகள் அடுத்த மாதம் உதிரத்தான் போகின்றன, அதற்காக விலை உயர்ந்த மருந்தெல்லாம் வாங்குவது வீண்.

புயலில் ஒடிந்ததைத் தூக்கிப் போடாதீங்க

ஈழத்தலரியின் கட்டை மெத்தென்றது. பலத்த காற்றில் கிளை சட்டென்று ஒடியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்த பிறகு இந்த ஊர்த் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். அன்று விழுந்த பெரிய மரங்களை நிமிர்த்த முடியவில்லை. ஈழத்தலரிக்கு மட்டும் இதில் ஒரு சலுகை இருக்கிறது: ஒடிந்து விழுந்த ஒவ்வொரு கிளையும் ஒரு கன்று.

அடுத்த புயலுக்குப் பிறகு தெருவில் கிடக்கும் கிளைகளை நகராட்சி வண்டி அள்ளுவதற்கு முன் எடுத்து வந்துவிடுங்கள். பிசிறாகக் கிழிந்த முனையைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டி, இலைகளை நறுக்கி, மழை படாத இடத்தில் சுவரில் சாய்த்து வையுங்கள். ஈர மாதத்தில் நட வேண்டாம். ஒன்றிரண்டு மாதம்கூடத் தாங்கும். பொங்கல் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் எடுத்து நடலாம். ஒடிந்த கொம்பில் நிறம் தெரியாது என்பதால் எந்த மரத்தடியில் எடுத்தது என்று மார்க்கர் பேனாவில் அதன் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.